காலேஜ் ஜெர்சியில் பல்கலைக்கழகத்தின் பெயர் எதற்கு? டெல்டா அணிகளுக்கான ஜெர்சி மதிப்புரை

கும்பகோணம் அரசுக் கல்லூரி 1854-இல் ஒரு பள்ளிக்கூடமாக ஆரம்பித்தது. சென்னைப் பல்கலைக்கழகம் வந்ததே 1857-இல்தான். அந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் நீண்ட காலம் இருந்த கல்லூரி, 1982-இல் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் கீழ் வந்தது. இப்போது கும்பகோணத்திலேயே கலைஞர் பல்கலைக்கழகம் அமைக்கும் மசோதா 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவரின் பார்வைக்கு அனுப்பினார். அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இவ்வளவுக்கும் கல்லூரி காவிரிக் கரையில் அதே இடத்தில் நிற்கிறது. மேலே மாட்டும் பெயர்தான் மாறுகிறது.

இதை ஏன் ஜெர்சி மதிப்புரையில் சொல்கிறோம் என்றால், டெல்டாவில் காலேஜ் டீம்களுக்குத் தைத்துத் தரும் ஜெர்சிகளில் பாதிக்கு மேல் சாயம் போவதற்கு முன்பே, தையல் விடுவதற்கு முன்பே பழசாகிவிடுகின்றன. முதுகில் கல்லூரியின் பெயருக்குக் கீழே பல்கலைக்கழகத்தின் பெயர், மாவட்டத்தின் பெயர், கல்வியாண்டு, நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) தரும் தரமதிப்பீடு என்று எல்லாவற்றையும் துணியோடு சேர்த்து அச்சடித்துவிடுகிறார்கள். இந்த நான்கில் ஏதாவது ஒன்று மாறினால் போதும், நல்ல ஜெர்சி பயிற்சிக்கு மட்டும் போடும் உடுப்பாகிவிடும். எனவே இங்கே கிடைக்கும் ஒவ்வொரு அச்சு முறையையும் இரண்டு கேள்விகளோடு பார்க்கிறோம்: ஆட்டத்துக்குத் தாங்குமா, பெயர் மாறினால் தாங்குமா.

மாறியவை, மாறப்போகிறவை

மயிலாடுதுறைதான் முதல் பாடம். 2020 டிசம்பர் 28 அன்று நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து மாநிலத்தின் 38-ஆவது மாவட்டமாக நடைமுறைக்கு வந்தது. ‘நாகை மாவட்டம்’ என்று அச்சடித்த ஜெர்சிகள் அன்றோடு தவறாகிவிட்டன. அடுத்து, அந்த மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் பாரதிதாசனிலிருந்து சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக்குப் போயின. மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி 1955-இல் தொடங்கியது. அதன் பெயருக்குக் கீழே எழுதும் பல்கலைக்கழகம் இதுவரை இரண்டு முறை மாறியிருக்கிறது.

பொறியியல் கல்லூரிகளின் கதை இன்னும் வேகமானது. 2007-இல் அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து திருச்சிக்குத் தனிப் பல்கலைக்கழகம் பிரித்தார்கள். 2012-இல் அதைத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். ஐந்தே ஆண்டு. அந்த இடைவெளியில் மொத்தமாக டிராக் சூட் வாங்கிய கல்லூரிக்கு அது எத்தனை வருடம் பயன்பட்டிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து நகரக்கூடியவை தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், அரியலூர் மாவட்டக் கல்லூரிகள். கலைஞர் பல்கலைக்கழக மசோதா குறிக்கும் எல்லை அதுதான். நடைமுறைக்கு வந்தால் தஞ்சை சரபோஜி கல்லூரியிலிருந்து மன்னார்குடி அரசுக் கல்லூரி வரை ஒரே கல்வியாண்டில் பெயர் மாற்ற வேண்டிவரும்.

விளையாடும் பிள்ளைகளுக்கு இது பெயர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. கல்லூரி அணி இன்டர் காலேஜ் ஆடும். அங்கே கண்ணில் படுகிறவர்களைப் பல்கலைக்கழக செலக்‌ஷனுக்கு அழைப்பார்கள். அதில் தேறியவர்கள் பல்கலைக்கழக அணியாக, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தின் கீழ் நடக்கும் தென் மண்டலப் போட்டிக்குப் போவார்கள். பிறகு அகில இந்தியப் போட்டி, அதற்கும் மேலே 2020-இல் புவனேஸ்வரில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள். கபடி அணியில் 12 இடம் என்றால், அந்த 12 இடத்துக்கு யாரோடு மோத வேண்டும் என்பதை இணைப்புப் பல்கலைக்கழகம்தான் தீர்மானிக்கிறது. திருச்சி, புதுக்கோட்டை, கரூர்ப் பையன்களோடு முட்டிய மயிலாடுதுறைப் பையன் இப்போது கடலூர், விழுப்புரம் பையன்களோடு முட்டுகிறான். கும்பகோணத்துக்குத் தனிப் பல்கலைக்கழகம் வந்தால் டெல்டாவிலிருந்து தென் மண்டலத்துக்குப் போக இன்னொரு 12 இடம் திறக்கும். அதை நாங்கள் முழு மனதோடு வரவேற்கிறோம். அணியின் பலம் முதல் சில ஆண்டு பிரிந்து நிற்கும் என்பதும் உண்மை.

முக்கியமான விஷயம்: தென் மண்டலத்துக்குப் போகும்போது பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட ஜெர்சியைப் பொதுவாகப் பல்கலைக்கழகமே தந்துவிடும். இன்டர் காலேஜில் எதிரே நிற்கும் அணியும் அதே பல்கலைக்கழகம்தான். அப்படியிருக்க, கல்லூரி ஜெர்சியில் பல்கலைக்கழகத்தின் பெயர் யாருக்கு என்ன சொல்கிறது?

இந்த விஷயத்தில் அமெரிக்கக் கல்லூரிகளிடம் ஒன்று கற்கலாம். அங்கே கல்லூரிகள் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகச் சேர்ந்து ஆடுகின்றன. அந்தக் குழுக்கள் கலைந்து சேர்வது நம் ஊர் மாற்றத்தைப்போல் பல மடங்கு. 2024-இல் டெக்ஸஸும் ஓக்லஹோமாவும் எஸ்இசி குழுவுக்குப் போயின. யுஎஸ்சி, யுசிஎல்ஏ, ஓரிகன், வாஷிங்டன் நான்கும் பிக் டென்னுக்குப் போக, பெயரில் பத்து வைத்திருக்கும் அந்தக் குழுவில் இப்போது 18 கல்லூரிகள். பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் அட்லாண்டிக் கரையின் பெயரைத் தாங்கிய ஏசிசி-யில் சேர்ந்தன. பேக்-12 குழுவில் ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்று இரண்டே மிஞ்சின; 2026 ஜூலை 1-ஐ நாளாகக் குறித்து பாய்ஸி ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட், கொன்ஸாகா முதலானவற்றைச் சேர்த்து அந்தக் குழு தன்னைத் திரும்பக் கட்டியது. அங்கே நகர்த்துவது தொலைக்காட்சிப் பணம். இங்கே நகர்த்துவது மாவட்ட எல்லையும் சட்டமும். அங்கே அடுத்த நகர்வு எப்போது என்பதைக்கூட ஓரளவு கணிக்க முடியும். ஏசிசி-யை விட்டு வெளியேறக் கட்ட வேண்டிய தொகை, 2025 மார்ச்சில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஆண்டுக்கு 1.8 கோடி டாலர் குறைந்து, 2030-31-இல் 7.5 கோடி டாலரில் வந்து நிற்கும். பிக் டென்னின் தொலைக்காட்சி ஒப்பந்தமும் 2030 வாக்கில் முடிகிறது. அதனால்தான் ஏசிசி-யில் இருக்கும் ஃபுளோரிடா ஸ்டேட், கிளெம்சன் பெயர்கள் அந்த ஆண்டுகளை ஒட்டி அடிபடுகின்றன.

இத்தனை இடமாற்றத்திலும் அவர்களுடைய ஜெர்சியின் நிறமோ எழுத்தோ மாறுவதில்லை. கல்லூரியின் பெயரும் நிறமும் துணியில் இருக்கின்றன. கான்ஃபரன்ஸ் சின்னம் மட்டும் மேல் மார்பில் ஒரு சிறு பேட்ஜ். குழு மாறினால் பேட்ஜ் மாறும், அவ்வளவுதான். டெல்டாவில் ஜெர்சி வாங்குகிற ஒவ்வொரு உடற்கல்வித் துறையும் எடுத்துக்கொள்ள வேண்டிய அமைப்பு இது.

சப்ளிமேஷன்: அடித்தளத்துக்கு இதுதான்

இன்று கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ ‘ஃபுல் பிரின்ட் ஜெர்சி’ என்று கேட்டால் கையில் வருவது இது. முதலில் டிசைனைக் காகிதத்தில் அச்சடித்து, 200 டிகிரி அளவு சூட்டில் ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரம் துணியோடு அழுத்துவார்கள். மை ஆவியாகிப் பாலியெஸ்டர் இழைக்குள்ளேயே போய்விடும். துணியின் மேல் படலம் இல்லாததால் உரியாது, வெடிக்காது, காற்றோட்டம் குறையாது. எத்தனை நிறம் போட்டாலும் செலவு ஏறாது. கார்த்திகை மாதத்திலும் வேர்வை நனைக்கும் நம் ஊர் ஈரக்காற்றுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை.

குறைகளும் உண்டு. காட்டனில் பிடிக்காது, பாலிகாட்டனில் அரைகுறையாகப் பிடித்து நாலு துவைப்பில் வெளுக்கும். இந்த முறையில் வெள்ளை மை கிடையாது, துணியின் வெள்ளைதான் வெள்ளை. எனவே துணி தூய வெள்ளையாக இருக்க வேண்டும். சூடோ நேரமோ தவறினால் கருப்பு பழுப்படிக்கும், அரக்கு நிறம் செங்கல் நிறமாகும், நேவி ப்ளூ ஊதா பக்கம் சாயும். திரையில் பார்த்த நிறத்தை நம்பி ஒப்புதல் கொடுக்காதீர்கள். அதே துணியில், அதே மெஷினில், ஓர் ஏ4 அளவுத் துண்டு அழுத்தித் தரச் சொல்லுங்கள். அதை வெயிலில் ஒரு முறையும் டியூப்லைட்டில் ஒரு முறையும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து.

தைத்த பிறகு அழுத்தினார்களா, வெட்டிய துண்டில் அழுத்திப் பிறகு தைத்தார்களா என்பதைக் கேட்காமல் வாங்கக் கூடாது. தைத்த ஜெர்சியின் மேல் அழுத்தினால் அக்குள் மடிப்பிலும் பக்கவாட்டுத் தையலிலும் வெள்ளைக் கோடுகள் விழும். கையைத் தூக்கி பிளாக் போடும் வாலிபால்காரருக்கு அது பளிச்சென்று தெரியும். வெட்டி, அழுத்தி, பிறகு தைப்பதே சரி. மாதிரி ஜெர்சியின் அக்குளை விரித்துப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

துணியின் கனத்தைக் கடைக்காரர் சொல்லும் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்) எண்ணை வைத்து நம்ப வேண்டியதில்லை. 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் துண்டு ஒன்றை வெட்டிப் பக்கத்து நகைக்கடைத் தராசில் வையுங்கள். 1.6 கிராம் வந்தால் 160 ஜிஎஸ்எம். கிராமை 100-ஆல் பெருக்கினால் போதும். வாலிபாலுக்கும் பேட்மின்டனுக்கும் 130 முதல் 160 வரை இதமாக இருக்கும். கபடிக்கு 180-க்குக் குறைந்தால் வேண்டாம். பிடியில் துணியும் சேர்ந்து இழுபடும். முதலில் விடுவது கைக்குழியும் தோள்பட்டையும். அந்த இரண்டு இடத்திலும் துணி ஓரத்தைச் சுற்றிக் கட்டும் ஓவர்லாக் மட்டும் போதாது, அதன் மேல் தட்டையாகப் படியும் ஃபிளாட்லாக் தையலும் வேண்டும். ஜெர்சியை உள்புறம் திருப்பி இரண்டு கட்டை விரலாலும் தையலை இழுத்துப் பாருங்கள். நூல் பல்லிளித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கல்லூரியின் பெயர், நிறம், சின்னம், எண் ஆகிய நான்கும் சப்ளிமேஷனில் போகட்டும். இவை மாறாதவை. வேறு எதுவும் வேண்டாம்.

டிடிஎஃப்: எண்ணுக்குச் சரி, முதுகு முழுக்க வேண்டாம்

பிலிமில் அச்சடித்து, பசைத்தூள் தூவி, 150 முதல் 165 டிகிரி சூட்டில் 10, 15 நொடி அழுத்தி ஒட்டும் முறை. ஒரே ஒரு ஜெர்சி வேண்டுமென்றாலும் அன்றைக்கே கிடைக்கும். எந்த நிறத் துணியிலும் வெள்ளை எழுத்து வரும். அவசரத்துக்கு இதை விட்டால் வழியில்லை.

ஆனால் அடர்நிறப் பாலியெஸ்டரில் இது செய்யும் வேலை பலருக்குப் புரியாத புதிராக இருக்கிறது. அரக்கு நிற ஜெர்சியில் வெள்ளை எண் ஒட்டி வாங்கி வருவார்கள். பத்து நாளில் எண் ரோஸ் நிறமாகிவிடும். கடைக்காரர் மட்டமான மை போட்டார் என்று சண்டை போடுவார்கள். குற்றம் மையில் இல்லை. அழுத்தும் சூட்டில் துணியின் சாயம் மறுபடி ஆவியாகி வெள்ளைக்குள் ஏறுகிறது. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும்போதும் அது தொடரும். சாயத்தைத் தடுக்கும் கரும்படலம் கொண்ட பிலிம் கேளுங்கள், அல்லது சூட்டைக் குறைத்து அழுத்தச் சொல்லுங்கள். இரண்டும் முடியாதென்றால் அந்தக் கடையில் வெளிர்நிற ஜெர்சியில் அடர்நிற எண் மட்டும் போடுங்கள்.

முதுகு முழுக்க ஒரே பட்டையாக டிடிஎஃப் ஒட்டினால் வேர்வை வெளியேற வழியில்லாமல் தகடு போல நிற்கும். நீட்டி மடக்க விரிசல் விடும். விடுதித் துவைகல்லில் இரண்டு அடி வாங்கினால் ஓரம் எழும்பிவிடும். நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்பு நீரில் சோப்பு சரியாக நுரைக்காது. அதற்காகப் பிரஷ் போட்டுத் தேய்ப்பார்கள். அதோடு எழுத்து போயிற்று.

ஊரில் ‘ஸ்டிக்கர்’ என்று சொல்லும் வினைல் வெட்டு எழுத்தும் இதே குடும்பம். ஒற்றை நிற எண்ணுக்கு நன்றாக நிற்கும். சின்னத்துக்கு ஆகாது.

பேட்ஜ்: மாறுகிற பெயருக்கு உரிய இடம்

பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்று நிர்வாகம் சொன்னால் வழி இதுதான். இரண்டு வகை கிடைக்கும். எம்பிராய்டரி பேட்ஜ் கனமானது, ஓரம் தடித்த நூலால் கட்டியது. டிராக் சூட்டுக்கும் பிளேசருக்கும் அழகு. 140 ஜிஎஸ்எம் ஜெர்சியில் வைத்தால் துணி அதன் கனத்தில் தொங்கிச் சுருங்கும், உள்புறம் மார்பில் உராயும். ஜெர்சிக்கு ஏற்றது நெய்த பேட்ஜ், அதாவது சட்டைக் காலரில் வரும் லேபிள்போல மெலிதாக நெய்தது. சிறிய தமிழ் எழுத்தும் அதில் தெளிவாக விழும்.

அளவை ஒருமுறை தீர்மானித்தால் பிறகு மாற்றாதீர்கள். 7 சென்டிமீட்டர் சதுரம் என்று வைத்துக்கொள்வோம். பழைய பேட்ஜைப் பிரித்தால் அதற்கடியில் துணி வெளுக்காமல் அடர்ந்திருக்கும், ஊசித் துளைகளும் தெரியும். அடுத்து வரும் பேட்ஜ் அதே அளவோ கொஞ்சம் பெரிதோ இருந்தால்தான் அந்தத் தடம் மறையும். வட்டமாக இருந்ததை நீளப் பட்டையாக மாற்றினால் பழைய வட்டம் எட்டிப் பார்க்கும். புதிய பல்கலைக்கழகத்தின் சின்னம் எந்த வடிவில் வந்தாலும் அதை ஒரு சதுரத்துக்குள் வைத்து நெய்யச் சொல்லலாம்.

தைக்கும்போது ஓரத்திலிருந்து 2 மில்லிமீட்டர் உள்ளே ஒரே ஒரு சுற்று நேர்த்தையல். குறுக்குத் தையல் வேண்டாம், பிரிக்கும்போது துணி கிழியும். பின்னால் பசை ஒட்டிய பேட்ஜாக வந்தால் பசையில்லாமல் கேட்டு வாங்குங்கள். ஒட்டிவிட்டால் பிரிக்கும்போது கறை நிற்கும். ஒரு பக்கத்துக் கொக்கிகள் மறுபக்கத்து இழை வளையங்களைப் பற்றும் வெல்க்ரோவை டிராக் சூட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆட்ட ஜெர்சியில் அது எதிராளியின் தோலைக் கீறும், கபடியில் முதல் ரெய்டிலேயே பறந்துவிடும். இடம் வலது மேல் மார்பு. இடது மேல் மார்பு கல்லூரிச் சின்னத்துக்கு.

எண், எழுத்து, விதி

ஆட்ட விதிக்குப் பொருந்தாத எண்ணோடு வரும் ஜெர்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் கடைசியில் ஓரத்தில் கிடக்கும். வாலிபாலில் மார்பு எண் குறைந்தது 15 சென்டிமீட்டர், முதுகு எண் 20 சென்டிமீட்டர் உயரம். கோட்டின் தடிமன் 2 சென்டிமீட்டர். எண் மார்பின் நடுவில் வர வேண்டும். ஸ்பான்சர் பெயரை நடுவில் வைத்து எண்ணை ஓரத்துக்குத் தள்ளுவது அடிக்கடி நடக்கும் தவறு. பின்வரிசையில் தற்காப்புக்கு மட்டும் ஆடும் லிபரோவுக்கு வேறு நிறம் வேண்டும். ஒரே டிசைனில் நீலத்துக்கு அடர்நீலம் என்று தந்தால் நடுவர் ஏற்க மாட்டார். கூடைப்பந்தில் முதுகு எண் 16 சென்டிமீட்டர், முன்புற எண் 8 சென்டிமீட்டர், தடிமன் 2. அதோடு வெளிர்நிறம் ஒன்று, அடர்நிறம் ஒன்று என்று இரண்டு செட் கட்டாயம். அட்டவணையில் முதலில் பெயர் வரும் அணி வெளிர்நிறம் போட வேண்டும்.

தமிழில் பெயர் எழுதுவதை நாங்கள் வற்புறுத்தியே சொல்கிறோம், ஆனால் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. டிசைனர்கள் பெரும்பாலும் கோரல் டிராவில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிப்பார்கள். அந்தக் கோப்பு அச்சகத்துக் கணினியில் திறக்கும்போது அந்த எழுத்துரு இல்லையென்றால் ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறிவிடும். யூனிகோடில் அடித்ததைப் பழைய மென்பொருளில் திறந்தால் ‘கொ’வின் கொம்பு தனியே பிரிந்து நிற்கும், ‘றை’யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போகும். அனுப்பும் முன் எழுத்தை எல்லாம் ‘கர்வ்’ ஆக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றச் சொல்லுங்கள். பிறகு பிடிஎஃப் வாங்கி, தமிழாசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள். 14 ஜெர்சியில் ஒற்றுப் பிழையோடு வருவதற்கு அது மேல்.

ஊர்ப் பெயரின் நீளத்தையும் பாருங்கள். ‘தஞ்சாவூர்’ அடங்கும் இடத்தில் ‘திருத்துறைப்பூண்டி’ அடங்காது. மீடியம் அளவு முதுகில் எழுத்துக்குக் கிடைப்பது 30 சென்டிமீட்டர் சுமார்தான். ஆங்கில எழுத்தை வளைத்து வில்போல வைப்பதைத் தமிழுக்குச் செய்யாதீர்கள். ‘தி’, ‘டி’ இவற்றின் மேல்வளைவு பக்கத்து எழுத்தில் இடிக்கும். நேர்கோட்டில், எழுத்துக்கும் கீழே வரும் எண்ணுக்கும் இடையே 4 சென்டிமீட்டராவது விட்டு வையுங்கள். ‘து’, ‘பூ’ இரண்டும் கீழே இறங்கும்.

யாரிடம் தைப்பது

டெல்டாவில் மூன்று வழி இருக்கிறது. திருப்பூருக்கு நேரே ஆர்டர் போடுவது முதல் வழி. துணியும் அச்சும் சீராக வரும், எண்ணிக்கை கூடினால் விலை இறங்கும். ஒரு துறைக்கு 60, 80 ஜெர்சி மொத்தமாக வாங்கும் கல்லூரிக்கு இதுவே சரி. குறை, 12 ஜெர்சியில் ஒன்று அளவு தவறினால் மாற்ற முடியாது. மறுபடி ஒன்றே ஒன்று அச்சடித்தால் நிறம் பழைய செட்டோடு சேராது. காகிதமும் மையும் வேறு லாட்டாக, அதாவது வேறு தடவை வந்த சரக்காக, இருக்கும்.

இரண்டாவது, நம் ஊர் விளையாட்டுப் பொருள் கடையில் வெற்று ஜெர்சி வாங்கி எண் ஒட்டுவது. ஒரு நாள் வேலை. ஒரு பருவம் தாங்கும். முதலாமாண்டுத் தேர்வு அணிக்கும் டிபார்ட்மென்ட் மேட்சுக்கும் போதும், கல்லூரி அணிக்கு வேண்டாம்.

மூன்றாவது, அச்சை வெளியே கொடுத்து வாங்கித் தையலை இங்கேயே செய்யும் கடைகள். எங்கள் முதல் தேர்வு இதுதான். ஆளைப் பார்த்து அளவெடுப்பார்கள். கைக்குழி விட்டால் மறுநாள் தைத்துத் தருவார்கள். பேட்ஜ் மாற்றும் வேலையும் இவர்களிடமே முடியும். அச்சு எங்கே, தையல் எங்கே என்று நேரே கேட்டு இரண்டுக்கும் பதில் சொல்லும் கடையை எடுங்கள். அச்சு எங்கே என்று சொல்லத் தயங்குகிற கடையில் நிறம் தவறினால் பொறுப்பேற்க ஆளிருக்காது.

விலை கடைக்குக் கடை மாறும். கேட்க வேண்டியது விலையில் என்னென்ன அடங்குகிறது என்பதுதான். டிசைன் கட்டணம் தனியா, எண் சேர்த்தா, ஷார்ட்ஸிலும் எண் உண்டா, ட்ரிபிள் எக்ஸ்எல் அளவுக்குக் கூடுதலா? கல்லூரிக் கணக்குக்கு ஜிஎஸ்டி ரசீது வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் உடை 2,500 ரூபாய்க்கு மிகாமல் இருந்தால் வரி 5 சதவீதம். ரசீதில் அதற்கு மேல் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள்.

ஆர்டர் போடும் காலம் ஆடி. பதினெட்டாம் பெருக்குக்குள் அளவும் டிசைனும் முடிந்தால் ஆவணியில் ஜெர்சி கையில் இருக்கும். புரட்டாசியிலிருந்து தீபாவளி வரை தையல்காரர் எவரும் காலேஜ் ஆர்டரை முதலில் எடுக்க மாட்டார். மார்கழியில் ஊர்க் கபடிக் குழுக்கள் பொங்கல் போட்டிக்கு வரிசையில் நிற்கும். அந்த இரண்டு நெரிசலிலும் தைத்தவற்றில் ஃபிளாட்லாக் தையல் விட்டுப்போவது சகஜம்.

அளவெடுக்கையில் ஆளிடம் ‘என்ன சைஸ்’ என்று கேட்டு எழுதாதீர்கள். கடைக்குக் கடை எல் என்பது வேறு. அவருக்குச் சரியாக இருக்கும் பழைய ஜெர்சியைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்து இரண்டால் பெருக்குங்கள். நீளத்தைத் தோளின் உச்சியிலிருந்து எடுங்கள். வாலிபால்காரருக்கு நீளத்தில் 4 சென்டிமீட்டர் கூட்டுங்கள், கை தூக்கினால் வயிறு தெரியாது.

12 பேர் அணிக்கு 14 ஜெர்சி. கூடுதல் இரண்டும் எல், எக்ஸ்எல் அளவில், எண் இல்லாமல், அதே லாட்டில் அச்சடித்து வாங்க வேண்டும். ஒன்று கிழிந்தாலோ, செலக்‌ஷனில் ஆள் மாறினாலோ அதில் டிடிஎஃப் எண் ஒட்டிக்கொள்ளலாம். நிறம் அச்சு அசலாகச் சேரும். பேட்ஜை ஆர்டர் போடும்போதும் அணிக்கு வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு வாங்காதீர்கள். கும்பகோணம் மசோதா முடிவாகும் வரை தஞ்சை, திருவாரூர், நாகை, அரியலூர்க் கல்லூரிகள் பேட்ஜே இல்லாமல் வலது மார்பை வெறுமையாக விட்டு ஆர்டர் போடுவது நல்லது. பின்னால் தைக்க இரண்டு நிமிடம்.

துவைப்பது பற்றிக் கடைசியாக: உள்புறம் திருப்பி, குளிர்ந்த நீரில், பிரஷ் போடாமல். அரக்கு, கருப்பு ஜெர்சிகளைப் போட்டிக்கு முன் ஒரு முறை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வெள்ளை ஷார்ட்ஸோடு சேர்த்து ஊறவைக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈர ஜெர்சியைக் கிட் பையில் சுருட்டிப் பூட்டி வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சைப் புள்ளி விழும். அது போகாது. விடுதி அறையில் மின்விசிறிக்கடியில் கொடி கட்டி விரித்துப் போடுங்கள். பேட்ஜ் இருக்கும் இடம் கடைசியில்தான் உலரும், அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மடியுங்கள்.